பறை மட்டும் ஏன் ஆட்டோவிலேயே இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இதே பகுதியில் ஒரு வாசகர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். அரசுப் பள்ளிகளில் பாட்டு, ஓவியம், கைவேலை என்று போகும் நேரத்தையும் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் கொடுத்தால் பிள்ளைகள் முன்னுக்கு வருவார்கள் என்று எழுதியிருந்தார். அவர் பிள்ளைகள் மேல் அக்கறையில்தான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, வருடக்கணக்காக மனதில் கிடக்கும் வேறொரு விஷயம், நாம் பறையை ஒதுக்கிவைப்பது, முன்னால் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஓய்வுபெற்ற கப்பல் ஊழியன். எண்ணெய்க் கப்பல்களின் எஞ்சின் அறையில் இருபத்தொன்பது ஆண்டுகள் ஃபிட்டர் வேலை. 2014 இல் ஊரோடு வந்துவிட்டேன். வரும்போது என்னிடம் பதினொரு மேளங்கள் இருந்தன. துறைமுகத்தில் இறங்கினால் மற்றவர்கள் செண்ட் பாட்டிலும் டேப் ரெக்கார்டரும் வாங்குவார்கள். நான் அந்த ஊரில் எதை அடிக்கிறார்கள் என்று தேடிப் போவேன். எஞ்சின் அறையில் நாள் முழுக்க ஒரே சத்தத்தில் நின்றவனுக்கு, ஒரு மனிதன் கையால் எழுப்பும் சத்தத்தைக் கேட்பது எவ்வளவு ஆறுதல் என்பதை அங்கே வேலை பார்த்தவர்கள்தான் அறிவார்கள்.

2017 இல் என் பேத்தி படித்த பள்ளியில் ஆண்டு விழாவுக்கு இந்த மேளங்களை ஒருமுறை கொண்டுவந்து காட்டச் சொன்னார்கள். அன்று தொடங்கியது. இப்போது திருச்செந்தூர், சாத்தான்குளம், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பள்ளிகளில் யார் கூப்பிட்டாலும் ஓர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறேன். பெரும்பாலும் வியாழக்கிழமை. காசு வாங்குவதில்லை. ஆட்டோ வாடகையைச் சில தலைமையாசிரியர்கள் தங்கள் கையிலிருந்து கொடுக்கிறார்கள்.

வகுப்பில் நான் முதலில் மேளத்தை எடுப்பதில்லை. "பெஞ்சில் தாளம் போட்டதற்காக அடி வாங்கியவர்கள் கையைத் தூக்குங்கள்" என்பேன். பாதி வகுப்பு தூக்கும். சரி, இன்றைக்கு அடி கிடையாது, போடுங்கள் என்று சொன்னால் அந்த அறையைப் பார்க்க வேண்டும்! சினிமாப் பாட்டு, கொடை விழா நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு என்று எல்லாத் தாளமும் அந்தப் பெஞ்சுகளிலிருந்து வரும். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. அம்மன் கோயில் கொடையில் விடிய விடிய உட்கார்ந்து காதால் வாங்கியது. அப்புறம்தான் துணியை விலக்கி ஒவ்வொன்றாக எடுப்பேன்.

எல்லாவற்றையும் விட எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிடித்தது குயீக்கா. பிரேசிலில் சாந்தோஸ் துறைமுகத்தில் 1998 இல் வாங்கினேன். சம்பா ஊர்வலங்களில் வாசிப்பது. பார்க்க ஒரு பக்கம் தோல் கட்டிய தகர டப்பா போலத்தான் இருக்கும். ஆனால் தோலின் நடுவில், உள்பக்கமாக, ஒரு மெல்லிய மூங்கில் குச்சி பொருத்தியிருக்கும். ஈரத்துணியால் அந்தக் குச்சியைப் பிடித்து உருவ வேண்டும், வெளியிலிருந்து இன்னொரு கை விரலால் தோலை அழுத்த வேண்டும். குரங்கு கத்துவது போலவும், நாய்க்குட்டி முனகுவது போலவும் சத்தம் வரும். பிள்ளைகள் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆகும். சிரித்து முடித்ததும் கேட்பேன்: "மேளத்தை அடிக்காமல் தேய்த்துச் சத்தம் எழுப்புவதை நம்ம ஊரில் பார்த்திருக்கிறீர்களா?" கொஞ்ச நேரம் அமைதி. எப்போதும் பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வரும்: "உறுமி!" உறுமியின் ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்க்கிறார்களே, அதுவும் அதே வித்தைதான். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவனுக்கும் இந்தப் பக்கம் ஒருவனுக்கும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. அந்தப் பையனுடைய சித்தப்பாவோ மாமாவோ உறுமி வாசிப்பவராக இருப்பார். பிரேசிலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லாமலே, அவன் தன் வீட்டில் தொங்கும் ஒன்றை அன்றைக்குப் புதிதாகப் பார்ப்பான்.

அடுத்தது பேசும் மேளம். நைஜீரியாவின் லாகோஸில், அபாபா துறைமுகத்துக்கு வெளியே சந்தையில் வாங்கியது. யொரூபா மக்களுடையது. உடுக்கை மாதிரியே இடை சிறுத்த உருவம். இரண்டு பக்கத் தோலையும் இணைத்து நெடுக வார் கட்டியிருக்கும். அக்குளில் இடுக்கிக்கொண்டு, முனை வளைந்த குச்சியால் அடிக்க வேண்டும். கையால் வாரை இறுக்கினால் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். யொரூபா மொழியில் ஒரே எழுத்துகளை ஏற்றியும் இறக்கியும் சொன்னால் பொருள் மாறிவிடும். கை என்ற சொல்லைச் சுருதி மாற்றிச் சொன்னால் துடைப்பம் ஆகிவிடும். அதனால்தான் மேளத்தால் பேச முடிகிறது. பேச்சின் ஏற்ற இறக்கத்தை மேளம் அப்படியே வாசித்தால், கேட்பவனுக்குச் சொல்லும் புரிந்துவிடும். அரசனைப் புகழ்வதும், வந்தவரைப் பேர் சொல்லி வரவேற்பதும், பழமொழி சொல்வதும் அந்த மேளம்தான்.

இதைச் சொன்னதும் பிள்ளைகள் தங்கள் பேரை வாசிக்கச் சொல்வார்கள். தமிழில் அது சரியாக வராது. ஆனால் "எங்கே போறே?" என்று கேட்கும்போது நம் குரலும் ஏறுகிறதே, அதை வாசித்துக் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். பிறகு என்னிடம் இருக்கும் உடுக்கையை எடுத்து, நடுக்கயிற்றை அழுத்தி அழுத்தி வாசிப்பேன். சுருதி அதே போல ஏறி இறங்கும். கேரளத்து இடக்காவும் இந்தக் குடும்பம்தான். எங்கள் ஊர் வில்லுப்பாட்டில் உடுக்கை அடிப்பவர் கதையில் சோகம் வரும்போது கயிற்றை நெருக்கிக் குரலை அழவைப்பார். இதைப் பலமுறை கேட்டிருந்தும், லாகோஸ் மேளத்தைப் பார்க்கும்வரை எனக்கே அதன் அருமை தெரியாது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஜப்பானியர்கள் தைக்கோ என்ற தங்கள் மேளத்தைக் கற்கும்போது முதலில் கையில் குச்சி கொடுப்பதில்லை, வாயால் சொல்லவைக்கிறார்கள். நடுவில் அடித்தால் 'டோன்', ஓரத்தில் தட்டினால் 'கா'. இதற்குக் குச்சி ஷோகா என்று பெயர். ஜப்பான் மொழியில் குச்சி என்றால் வாய், பிள்ளைகள் இதில் ஒரு குதூகலம் அடைவார்கள். நம் தவில்காரர் வீட்டிலும் மிருதங்கக்காரர் வீட்டிலும் பிள்ளை முதலில் வாயால் சொல்வது 'தகதிமி'தானே. பல்கேரியாவில் கல்யாண வீட்டில் ஆடும் ராச்செனித்சா என்ற ஆட்டம் ஏழு எண்ணிக்கை. இரண்டு, இரண்டு, மூன்று. நம் மிஸ்ர சாப்பு தாளமும் ஏழுதான், ஆனால் மூன்று முன்னால் வரும்: தகிட தகதிமி. வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் பல்கேரிய ஏழையும் மறுபக்கம் நம் ஏழையும் கைதட்டவைப்பேன். இரண்டும் வெவ்வேறு இடத்தில் தடுக்கி, ஒரே இடத்தில் வந்து சேரும். சேரும்போது பிள்ளைகள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே நான் அந்த மேடுபள்ளச் சாலையில் ஆட்டோவில் போகிறேன்.

கடிதம் எழுதிய வாசகருக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இதனால் கணக்கு மதிப்பெண் கூடும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாததைச் சொல்லி நேரம் கேட்கக் கூடாது. ஏழு என்பது நான்கும் மூன்றும் என்பதைக் கையால் தட்டிப் பார்த்த பிள்ளைக்கு அது மறக்காது, அவ்வளவுதான். தாளம் தாளத்துக்காகவே வேண்டும். சோறு எதற்கு என்று யாரும் கேட்பதில்லையே.

பாடமாகத்தான் வேண்டும் என்றால், அதற்கும் மேளத்தில் குறைவில்லை. சும்மா ஒரு தோலைக் கட்டி அடித்தால் அதிலிருந்து வரும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று இசைந்து வருவதில்லை. அதனால்தான் பெரும்பாலான மேளங்கள் 'தம்' என்று சத்தம் போடுகின்றன, பாடுவதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்கத்தில் கறுப்பாக வட்டமாக ஒன்று பூசியிருக்கிறதே, அதுதான் அந்த ஒலிகளை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. திருச்சிக்காரரான சர் சி.வி. ராமன் 1920 இல் நேச்சர் இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். நோபல் பரிசு வாங்குவதற்குப் பத்து வருடம் முன்பு. ஒரு பள்ளியின் அறிவியல் ஆசிரியை இதைக் கேட்டுவிட்டு, ஜெம்பே என்ற மேற்கு ஆப்பிரிக்க மேளத்தின் நடுவில் பிசைந்த மாவை ஒட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். பார்த்தோம். ஓசை மாறியது. அந்த வகுப்பு அன்று மதிய மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

தோல் என்று சொன்னால் பிள்ளைகள் நிறையக் கேட்பார்கள். "இது ஆடா, மாடா?" "வலிக்காதா தாத்தா?" மறைக்காமல் சொல்வேன். தவிலில் ஒரு பக்கம் ஆட்டுத்தோல், மறுபக்கம் எருமைத்தோல். கஞ்சிராவுக்கு ஒரு காலத்தில் உடும்புத்தோல் போட்டார்கள், இப்போது உடும்பைப் பிடிப்பது சட்டப்படி குற்றம், அதனால் வேறு தோல்களும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன. கானாவோ கினியாவோ நம்ம ஊரோ, ஆடு வளர்த்தவன்தான் மேளம் கட்டினான். ஒரு சிறுமி கையை மேளத்தில் வைக்காமல் பின்னால் கட்டிக்கொண்டே நின்றாள், ஆடு பாவம் என்று. அவளுக்குக் கஹோனைக் கொடுத்தேன். அது வெறும் பலகைப் பெட்டி. பெரு நாட்டில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழியில் வந்தவர்கள் சரக்குப் பெட்டிகளைக் கவிழ்த்து மேலே உட்கார்ந்து அடித்ததில் பிறந்தது. 1970களின் கடைசியில் ஸ்பெயினின் கிதார் மேதை பாகோ தே லூசியா அதைப் பெருவில் பார்த்து, ஃபிளமெங்கோ இசைக்குக் கொண்டுபோனார். இன்றைக்குச் சென்னையிலும் மேடைக்கு மேடை இருக்கிறது. நான் அங்கே கயாவோ துறைமுகத்தில் வாங்கியதை அளவெடுத்து எங்கள் ஊர் ஆசாரி ஒருவர் பிளைவுட்டில் நான்கு செய்து கொடுத்தார். முன்பலகை மட்டும் மெல்லிசு, பின்னால் ஓர் ஓட்டை, வேறொன்றுமில்லை. ஒன்றுக்கு 1,800 ரூபாய் ஆனது.

கரீபியன் கடல் தீவான டிரினிடாட்டின் கதையை மட்டும் நான் சுருக்கிச் சொல்வதே இல்லை. ஆறாம் வகுப்பாக இருந்தாலும் முழுசாகச் சொல்வேன். அங்கே ஆங்கிலேயர் ஆட்சி. அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் ஆப்பிரிக்க வம்சத்தவர் திருவிழாவில் மேளம் அடித்தால் அரசுக்குப் பயம். 1881 இல் திருவிழாவில் போலீசுக்கும் மக்களுக்கும் மோதல் நடந்தது. சில ஆண்டுகளில் மேளத்துக்கே தடை வந்தது. மக்கள் என்ன செய்தார்கள்? மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கட் டின், பெயின்ட் டப்பா, குப்பைத் தொட்டி மூடி, கடைசியில் எண்ணெய் பீப்பாய். பீப்பாயின் தலையைச் சுத்தியலால் தட்டிக் குழித்து, ஒவ்வொரு மேட்டிலும் ஒரு சுரம் வரவைத்தார்கள். அதுதான் ஸ்டீல் பேன். 1951 இல் அவர்களுடைய குழு ஒன்று லண்டன் விழாவுக்குப் போய் வாசித்தது. 2023 இல் ஐ.நா. சபை ஆகஸ்ட் 11 ஐ உலக ஸ்டீல் பேன் நாள் என்று அறிவித்தது. பீப்பாயோடே வாழ்ந்தவன் நான். அதே 55 கேலன் பீப்பாயைத் துரு தட்டிப் பெயின்ட் அடித்திருக்கிறேன். அங்கே பாயின்ட் லீசாஸ் துறைமுகத்தில் முதல்முறை அதன் குரலைக் கேட்டபோது, கோயில் மணி வரிசையைத் தண்ணீருக்குள் அடித்தது போல இருந்தது.

அங்கேயே இன்னொன்றும் பார்த்தேன். ஒரு கல்யாண வீட்டுக்கு முன்னால் இளைஞர்கள் தாசா அடித்துக்கொண்டிருந்தார்கள். மண் சட்டியில் ஆட்டுத்தோல் கட்டிய மேளம், 1845 க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன இந்தியர்கள் வழியாக அங்கே வேரூன்றியது. பக்கத்தில் ஒரு சிறிய தீ. தோல் தொய்ந்ததும் மேளத்தை அந்தத் தீயில் காட்டிச் சூடேற்றி, மறுபடி அடித்தார்கள். பக்கத்து நாடான கயானாவில், மதராசிகள் என்று இன்றும் சொல்லிக்கொள்ளும் நம்மவர்கள் காளி பூசையில் 'தப்பு' அடிக்கிறார்கள், அந்தப் பெயரிலேயே.

தீயைப் பற்றிச் சொன்னதும் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

எனக்கு ஒன்பது வயது. எங்கள் தெருவில் ஒரு துக்க வீடு. பறை அடிக்க வந்தவர்கள் தெரு முனையில் வைக்கோலைக் கொளுத்திப் பறையின் முகத்தைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஏன் தீயில் காட்டுகிறார்கள் என்று பார்க்கப் போனேன். ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். விரலால் ஒரு தட்டு தட்டினேன், அவ்வளவுதான். அப்பா பின்னால் இருந்து வந்து முதுகில் ஓர் அறை விட்டார். வீட்டுக்கு இழுத்துப் போய்க் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். துக்க வீட்டுக்குப் போனதற்கான தண்ணீர் இல்லை அது. எதற்கென்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் புரிந்துவிட்டது.

இருபத்து இரண்டு வருடம் கழித்து, 1991 இல் மொரீஷியஸின் போர்ட் லூயியில் கப்பல் நின்றது. மாலையில் கடற்கரைப் பக்கம் போனோம். ஒரு பெரியவர் காய்ந்த ஓலையை எரித்து, அகலமான வட்ட மேளம் ஒன்றைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார். மரச் சட்டம், ஆட்டுத்தோல். ரவான் என்று பெயர். அந்தத் தீவில் அடிமைகளாக இருந்தவர்களின் செகா பாட்டுக்கு அடிப்பது. நகத்தால் சுண்டிப் பார்த்தார், மறுபடி தீயில் காட்டினார், மறுபடி சுண்டினார். நான் வெறித்துப் பார்ப்பதைக் கண்டு, சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னார். அடித்தேன். முதுகில் யாரும் அறையவில்லை. கடல் காற்றில் ஈரம் ஏறித் தொய்ந்த தோலைத் தீ உலர்த்தி இறுக்குகிறது, அதனால் குரல் நிமிர்கிறது. எங்கள் தெரு முனையில் தெரிந்துகொள்ள வேண்டியதை நான் ஒரு பெருங்கடல் தாண்டித் தெரிந்துகொண்டேன். அந்த ரவானை வாங்கிவந்தேன். என் முதல் மேளம் அது. செகாவை 2014 இல் யுனெஸ்கோ உலகின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது என் ஆட்டோவில் ரவானுக்குப் பக்கத்தில் ஒரு பறையும், கணியான் கூத்துக்காரர்கள் வாசிக்கும் மகுடம் இரண்டும் இருக்கும். உச்ச மகுடம் ஒன்று, மந்த மகுடம் ஒன்று. அயர்லாந்தின் பௌரானும் இருக்கும், அதுவும் வட்டச் சட்டத்தில் ஆட்டுத்தோல்தான். நான்கு வகையையும் வரிசையாக வைத்துவிட்டு, எது எந்த நாடு என்று கேட்டால் ஆசிரியர்களே தடுமாறுவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். எந்தப் பள்ளி என்று சொல்ல விரும்பவில்லை. வாசலில் பொருட்களை இறக்கும்போது பொறுப்பில் இருந்தவர் வந்து பார்த்தார். ஜெம்பேயைத் தட்டிப் பார்த்து மகிழ்ந்தார், ஸ்டீல் பேனோடு படம் எடுத்துக்கொண்டார். பறையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "சார், எல்லாத்தையும் கொண்டுவாங்க. அது மட்டும் ஆட்டோலயே இருக்கட்டும். சாவு மேளம். பேரண்ட்ஸ் சத்தம் போடுவாங்க."

உள்ளே நாற்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள். நான் வாதாடாமல் உள்ளே போனேன். நைஜீரியா மேளம் உள்ளே, பிரேசில் மேளம் உள்ளே, மொரீஷியஸ் மேளம் உள்ளே. நாலு கிலோமீட்டர் தள்ளி ஒருவர் வேப்பமரத்தில் சட்டம் செய்து கட்டிய மேளம் வெயிலில், பின்சீட்டில். அன்று நான் செய்தது தவறு. ரவானைக் கையில் எடுத்துத் தீயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த வகுப்பில் பறை அடிப்பவர் வீட்டுப் பிள்ளை ஒன்றாவது இருந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்?

பறை சாவுக்கு மட்டும் அடித்தது அல்ல என்று நான் விளக்க வேண்டியதில்லை, தமிழாசிரியர்கள் வகுப்பிலேயே சொல்கிறார்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று வரிசையாகச் சொல்லும்போது பறையையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகம், நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பிள்ளைகள் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு மேளம் உண்டு என்று எழுதிவைத்த மொழியில் படிக்கும் பிள்ளைக்கு, உலகத்து நிலங்களின் மேளங்களைக் காட்டுவதைவிட எளிது எதுவுமில்லை. ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதும் அந்தப் பறையைத் தொட்டுப் பார்க்கத்தான் விடமாட்டோம் என்கிறோம். 2025 இல் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு நாடு பத்மஸ்ரீ கொடுத்தது. அவர் கையில் இருந்த அதே மேளத்துக்குப் பள்ளி வாசலில் அனுமதி இல்லை என்றால் எப்படி?

அந்த நாளுக்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஆட்டோவிலிருந்து முதலில் இறங்குவது பறை. அது உள்ளே வரக் கூடாது என்றால் மற்றவையும் வராது. இதுவரை இரண்டு பள்ளிகளில் திரும்பி வந்திருக்கிறேன். அதில் ஒரு பள்ளி மறு மாதமே கூப்பிட்டது.

இன்னொன்றும் செய்தேன். எனக்குப் பறை காட்டத்தான் தெரியும், அடிக்கத் தெரியாது. எங்கள் ஊர்ப் பறைக் கலைஞர் ஒருவரை, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், கூட வரச் சொல்லிக் கேட்டேன். பள்ளிக்கூடம் என்றதும் தயங்கினார். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஒரு வியாழக்கிழமை வந்தார், வெள்ளைச் சட்டை போட்டு. வகுப்பில் பேச வரவில்லை. அடிகுச்சியையும் சிண்டுகுச்சியையும் பிடிப்பது எப்படி என்று கையைப் பிடித்துக் காட்டினார். அப்புறம் அடித்தார். பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள், உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. முடிந்ததும் ஒரு பையன் வந்து, "சார், மறுபடி அந்த மூணாவது அடி" என்றான். சார் என்று அவரைத்தான் கூப்பிட்டான். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், என்னைக் கூப்பிடுவதாக நினைத்து. ஆட்டோவில் வரும்போது அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது, "அடுத்த வியாழன் எத்தனை மணிக்குண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். நல்ல காரியம், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளே பரிசு வாங்கியிருக்கிறார்கள். ஆனால் போட்டி என்பது ஏற்கனவே வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு. நான் கேட்பது வாசிக்கத் தெரியாத பிள்ளை தொட்டுப் பார்ப்பதற்கு. மாதம் ஒரு பீரியட் போதும். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒரு பெட்டி மேளம் வாங்கி, நூலகப் பெட்டி போல ஒரு பள்ளியிலிருந்து அடுத்த பள்ளிக்குச் சுற்றில் விடலாம். எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. கஹோனை ஆசாரி செய்வார். நைஜீரியாவில் இக்போ பெண்கள் வாசிக்கும் உடு என்ற மண்பானைக்குப் பக்கத்தில் வைக்க, மானாமதுரையில் கடம் செய்யும் வேளார் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் கடத்தை விக்கு விநாயக்ராம், நைஜீரியாவின் பேசும் மேளக்காரர் சிகிரு அடெபோஜுவோடு உட்கார்ந்து 1991 இல் வந்த ஓர் இசைத்தட்டில் வாசித்தார். உலக இசைக்கென்று கிராமி விருது முதல்முதலில் கொடுக்கப்பட்டது அந்த இசைத்தட்டுக்குத்தான். அந்த வாசிப்பை வகுப்பில் ஒரு செல்போனில் போட்டுக் காட்டிவிட்டுப் பானையைப் பிள்ளையின் மடியில் வைத்தால் போதும்.

மேளக் கலைஞர்களுக்கு வகுப்புக்கு இவ்வளவு என்று கௌரவமான ஊதியம் கொடுக்க வேண்டும். நான் ஓய்வூதியத்தில் இருப்பவன், சும்மா வரலாம். பறைக் கலைஞர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார். இசை என்று நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் இருக்கும் பள்ளிகளில் அவர்களையே இதற்குப் பொறுப்பாக்கலாம். அவர்களுக்குப் பெரும்பாலும் வேறு வேலைதான் கொடுக்கப்படுகிறது என்பதைப் பல பள்ளிகளில் நேரில் பார்க்கிறேன்.

காது கேளாத பிள்ளைகளை இதிலிருந்து தயவுசெய்து ஒதுக்காதீர்கள். ஒரு பள்ளியில் அப்படி ஒரு சிறுவனை முன்கூட்டியே வேறு அறைக்கு அனுப்பியிருந்தார்கள், அவனுக்குப் போரடிக்கும் என்று. கூட்டிவரச் சொன்னேன். கஹோன் மேல் உட்காரவைத்தேன், பக்கத்துப் பையன் முன்பலகையில் அடித்தான். அவன் இறங்க மறுத்துவிட்டான். ஸ்காட்லாந்தின் எவலின் கிளென்னி பன்னிரண்டு வயதுக்குள் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். காலில் செருப்பில்லாமல் மேடையில் நின்று, அதிர்வை உடம்பால் வாங்கி, உலகம் முழுக்கத் தாளக் கருவிகள் வாசிக்கிறார்.

கடைசியாக ஒரு செய்தி. போன மார்ச் மாதம் ஒரு பள்ளியில் ரவானின் தோல் கிழிந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் தாங்கியிருக்கிறது, எந்தப் பிள்ளை மேலும் தவறில்லை. மொரீஷியஸுக்கு எழுதிப் புதுத் தோல் வரவழைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நம் பறைக் கலைஞர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சட்டத்தை மோந்து பார்த்தார், ஓரத்தில் ஆணி அடித்திருக்கும் முறையை எண்ணினார். "இதுல என்னண்ணே இருக்கு, நான் கட்டுறேன்" என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஆட்டுத்தோல் ஊறவைத்து, மயிர் களைந்து, நிழலில் காய்கிறது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் தயாராகிவிடும். தூத்துக்குடி மாவட்டத்தில் எந்தப் பள்ளி அழைத்தாலும் வருகிறோம், இருவரும். ஒரு பிடி வைக்கோலும், அதைக் கொளுத்த மைதானத்தில் ஓர் ஓரமும் மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ஊழியர்,
திருச்செந்தூர் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.